கின்கா மலையின் அடிவாரத்தில்



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு, புனேயிலும் மும்பையிலும் சூரத்திலும் டெல்லியிலும் குடியேறியிருக்கிற நமக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் வழக்கம் குறைவு. விடுமுறை கிடைத்தால் நெல்லைக்கோ மதுரைக்கோ ரயில் ஏறுவோம். கல்யாணம், ஆலயப் பிரதிஷ்டை, துக்கம் என்று நாள்கள் கழிந்துவிடும். மீண்டும் ரயில் ஏறுவோம். ஆகையால் ஒரு பூங்காவைப் பற்றி நான் எழுதுவது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் சென்ற நவம்பர் மாதத்தில் ஜப்பான் தேசத்தில் நான் கண்ட ஒரு பூங்காவைக் குறித்து உங்களிடம் சொல்லாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் புனேக்கு அடுத்த சிஞ்ச்வடில், வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று வாரப் பயிற்சிக்காக நகோயா நகரத்தின் அருகே எங்களில் நால்வரை அனுப்பினார்கள். இடையில் ஒரு சனிக்கிழமை ஓய்வாகக் கிடைத்தது. மற்ற மூவரும் கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். எனக்குப் பயிற்சி அளித்த முதியவர், "கிஃபுவுக்குப் போய் வாருங்கள், அங்கே மலையடிவாரத்தில் ஒரு பழைய பூங்கா உண்டு" என்றார். அவர் அந்த ஊர்க்காரர். சொந்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்வது எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்.

நகோயாவிலிருந்து விரைவு ரயிலில் இருபது நிமிஷத்தில் கிஃபு வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் உங்கள் கண்ணில் முதலாவது படுவது, உயரமான பீடத்தின்மேல் பொன்னாய் மின்னும் ஒரு சிலை. ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் ஐரோப்பியத் தலைக்கவசம், தோளில் மேலங்கி. ஓதா நொபுநாகா என்னும் படைத்தலைவனுக்கு 2009ஆம் ஆண்டில் நகர மக்கள் எடுத்த சிலை அது. சிதறிக் கிடந்த ஜப்பானை ஒரே ஆளுகைக்குள் கொண்டுவரத் தொடங்கியவன் என்று அவனைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவன் எரித்த மடங்களையும் வெட்டி வீழ்த்திய ஜனங்களையும் அதே பாடப்புத்தகம் சொல்லுகிறது. பொற்சிலையைப் பார்த்தபோது எனக்கு அத்தனை பிரியம் உண்டாகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து பேருந்தில் பதினைந்து நிமிஷப் பயணம். ஒரு வளைவைத் தாண்டியதும் கின்கா மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. உயரம் 329 மீட்டர்தான். ஆனால் சமவெளியின் நடுவே திடீரென்று எழும்புவதால் பெரிதாகத் தோன்றுகிறது. கின்கா என்றால் பொன்மலர் என்று பொருளாம். மே மாதத்தில் அம்மலையின் காட்டு மரங்கள் மஞ்சளாய்ப் பூத்து மலை முழுவதும் பொன் போர்த்தாற்போல் இருக்கும் என்றார்கள். நான் போனது இலையுதிர் காலம். மலை கரும்பச்சையாக இருந்தது. அடிவாரத்துப் பூங்காவில் மட்டும் மேப்பிள் மரங்கள் செக்கச்செவேலென்று நின்றன. மலையுச்சியில் ஒரு சிறு வெண்ணிறக் கோட்டை, பொம்மையைப் போல.

பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, வேலியும் இல்லை. குளங்கள், சிறு பாலங்கள், கற்படிகள், மர நிழலில் ஆசனங்கள், மலைச்சரிவில் சிவப்பு வண்ணத்தில் மூன்றடுக்குக் கோபுரம் ஒன்று. இது 1917ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. தாத்தா பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சோற்று உருண்டைகளைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சமாதானமான இடமா என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த நினைவு மாறிற்று.

பயிற்சி அளித்த முதியவர் எனக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு சிறு நூலைக் கொடுத்து அனுப்பியிருந்தார். குளத்தருகே அமர்ந்து அதை வாசித்தேன். இந்த மலைக்கு முற்காலத்தில் இனாபா மலை என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் சாய்தோ தோசான் என்பவர் இதை ஆண்டார். அவர் எண்ணெய் விற்றுத் திரிந்தவர், தந்திரத்தினால் நாட்டைப் பிடித்தவர் என்பது பழங்கதை. எண்ணெய் வணிகம் செய்தவர் அவருடைய தகப்பனார் என்றும், அப்பனும் மகனுமாக இரண்டு தலைமுறையில் உயர்ந்தார்கள் என்றும் பிற்காலத்தில் கிடைத்த ஆவணங்களைக் கொண்டு ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். எப்படியானாலும், கீழிருந்து மேலே வந்த குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் மூத்தவன் யோஷிதாட்சு. தகப்பனுக்கு இளைய பிள்ளைகள் இருவர்மேல் பட்சம் அதிகம், சுதந்தரம் அவர்களுக்குப் போய்விடும் என்று மூத்தவனுக்கு அச்சம். 1555ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தகப்பன் மலையிலிருந்து இறங்கி, இதே அடிவாரத்திலிருந்த தம் சொந்த வீட்டிற்கு வந்திருந்தார். அந்நாளில் மூத்தவன் தான் மரணப்படுக்கையில் கிடப்பதாக நடித்தான். கடைசியாக ஒருமுறை பேச வேண்டும் என்று தம்பிமார் இருவரையும் அழைத்தான். நோயாளியான அண்ணனைப் பார்க்க வந்த இருவரையும் கோட்டைக்குள்ளே வெட்டிக் கொன்றார்கள். அடிவாரத்து வீட்டிலிருந்த தகப்பனுக்கு அவனே ஆள் அனுப்பிச் செய்தி சொன்னான். தோசான் ஊருக்குத் தீ வைத்துவிட்டு ஓடினார். மறு ஆண்டு 1556இல், இந்த மலையைச் சுற்றி ஓடும் நாகாரா ஆற்றின் கரையில் மகனுடைய சேனை தகப்பனைக் கொன்றது.

வாசகரே, காயீன் ஆபேலின் சரித்திரத்தை நாம் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள். ஆனாலும் அந்த இடத்திலேயே அமர்ந்து, குளத்தில் மீன்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாசரேத்திற்கு அருகே எங்கள் தகப்பனார் கட்டிய வீடு ஒன்று உண்டு. முன்கட்டு, பின்கட்டு, ஒரு கிணறு, இரண்டு முருங்கை மரங்கள். அவ்வளவுதான். பின்கட்டும் கிணறும் யாருக்கு என்பதில் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு முற்றி, ஆறு ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. வழக்குப் போட்டவன் நான்தான். அண்ணன் மகளின் கல்யாணத்திற்கு அழைப்பிதழ் புனேக்கு வந்தது. நான் போகவில்லை. எங்களில் எவரும் எவரையும் வெட்டவில்லை, மெய்தான்.

எழுந்து நடந்தேன். பூங்காவின் உட்புறத்தில், மலையைச் சேர்ந்த பள்ளத்தாக்கில், பெரும் பாறைகளை வரிசையாக நிறுத்திய ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் கற்சுவர்களும் வாய்க்கால்களும் வெறும் அஸ்திபாரங்களுமாய்க் கிடக்கின்றன. இதுவே நொபுநாகாவின் மாளிகை நின்ற ஸ்தலம். யோஷிதாட்சு 1561இல் நோய்ப்பட்டு இறந்தான். அவன் சகோதரியை மணந்தவனே நொபுநாகா. 1567இல் நொபுநாகா இந்த மலையைப் பிடித்தான். யோஷிதாட்சுவின் மகன் படகேறி ஆற்றின் வழியாய் ஓடிப்போனான். நொபுநாகா ஊரின் பழைய பெயரை நீக்கி, சீன தேசத்தின் பழம்பெருமை வாய்ந்த இரண்டு ஊர்ப்பெயர்களிலிருந்து எழுத்தெடுத்து "கிஃபு" என்று பெயரிட்டான். தேசம் முழுவதையும் வாளினால் ஆளுவேன் என்னும் கருத்துடைய முத்திரையைத் தன் கடிதங்களில் பொறிக்கத் தொடங்கியதும் இங்கேதான். அதே காலத்தில் வணிகர்களுக்கு வரிச்சுமையை நீக்கிச் சந்தையைத் திறந்துவிட்டான். ஊர் பெருகிற்று.

அவனுக்கும் ஒரு தம்பி இருந்தான், நொபுயுகி என்று பெயர். அண்ணனுக்கு விரோதமாய் எழும்பித் தோற்றான். தாய் நடுவில் நின்று மன்றாடினபடியால் நொபுநாகா முதல் தரம் மன்னித்தான். அடுத்த தரம் தம்பி சதி செய்கிறான் என்று கேள்விப்பட்டபோது, தான் நோயாய்க் கிடப்பதாகச் சொல்லி அனுப்பினான். தம்பி பார்க்க வந்தான். வந்த இடத்திலே கொல்லப்பட்டான். இது கிஃபுவில் அல்ல, வேறொரு கோட்டையில் நடந்தது. இரு குடும்பங்களிலும் அதே பொய், அதே படுக்கை. நோயென்று கேட்டால் சகோதரன் வந்துவிடுவான் என்பது இருவருக்கும் நிச்சயமாய்த் தெரிந்திருக்கிறது. இதை எண்ண எண்ண எனக்கு நெஞ்சு கனத்தது. எனக்கு நோயென்று கேட்டால் என் அண்ணன் வருவாரா? வருவார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த மாளிகை இருந்த இடத்தைக் கிஃபு நகராட்சியார் 1984ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாய்த் தோண்டி ஆராய்ந்து வருகிறார்கள். மேலே நொபுநாகாவின் காலத்து மண்ணடுக்கு. அதன் கீழே தீயில் வெந்து சிவந்த மண். அதற்கும் கீழே சாய்தோ குடும்பத்தின் காலத்து அடுக்கு. ஒருவன் வீட்டின்மேல் இன்னொருவன் வீடு. பூவேலைப்பாடு செய்து பொன்தகடு ஒட்டிய ஓடுகளின் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. பாறைச் சுவரின்மேல் நீர் வழிந்து குளத்தில் விழும்படி தோட்டங்களை அமைத்திருந்தான் என்பதற்கும் அடையாளங்கள் இருக்கின்றன. 2011இல் இந்த மலையும் அடிவாரமும் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

ஓடும் கல்லும் அந்த வீட்டின் மாதிரியைச் சொல்லாது. அதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் ஒரு மிஷனரி. லூயிஸ் ஃபுரோயிஸ் என்பவர் லிஸ்பனில் பிறந்து, 1548ஆம் ஆண்டில், பதினாறு வயதில், நம்முடைய கோவாவுக்கு வந்தவர். இந்தியாவில் பல ஆண்டுகள் இருந்து, 1563இல் ஜப்பானில் இறங்கினார். அவரோடு இந்த அடிவாரத்திற்கு வந்தவர் இன்னொருவர். எனக்கு அந்த இன்னொருவர்மேல்தான் அதிக ஆவல்.

லொரென்சோ என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற அவர் ஜப்பானியர். ஒரு கண் முற்றிலும் தெரியாது, மற்றக் கண்ணிலும் பார்வை மங்கல். பிவா என்னும் நரம்புக் கருவியை மீட்டிக் கதை பாடி, தெருத்தெருவாய்ப் பிச்சை எடுத்துப் பிழைத்தவர். 1551இல் யாமாகுச்சி என்னும் ஊரில் சவேரியாரின் பிரசங்கத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். முத்துக்குளித்துறையில், மணப்பாடு முதலிய நம் கடற்கரை ஊர்களில் 1542 முதல் நடந்து திரிந்தவர் அதே சவேரியார். கத்தோலிக்கருக்கும் நமக்கும் உபதேசத்தில் வேறுபாடுகள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கரையில் நடந்த கால்கள், ஜப்பானின் பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவரைத் தேடிப் போயின என்பது எனக்குப் பெரிதாகவே தோன்றிற்று.

1569ஆம் ஆண்டின் வசந்தத்தில், கியோத்தோவில், நொபுநாகாவின் முன்னிலையில் நிச்சிஜோ என்னும் துறவிக்கும் லொரென்சோவுக்கும் தர்க்கம் நடந்தது. ஆத்துமா உண்டா என்பது விவாதம். துறவி கோபங்கொண்டு அறையிலிருந்த நீண்ட வாளைப் பாய்ந்தெடுத்து, இவன் தலையை வெட்டுகிறேன், ஆத்துமா எங்கே என்று பார்ப்போம் என்று லொரென்சோவின்மேல் பாய்ந்தார். சபையிலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். லொரென்சோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று ஃபுரோயிஸ் எழுதியிருக்கிறார். தர்க்கத்தில் தோற்ற துறவி அரண்மனைக்குப் போய், மிஷனரிகளைத் துரத்தும்படி சக்கரவர்த்தியின் கட்டளையை வாங்கிவிட்டார். அதற்குப் பாதுகாப்புக் கேட்டு இருவரும் கிஃபுவுக்கு வந்தார்கள்.

ஊரில் வணிகரின் இரைச்சலும் நெரிசலும் பாபிலோனை நினைப்பூட்டியதாக ஃபுரோயிஸ் சொல்லுகிறார். எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் இருந்தார்களாம். அடிவாரத்து மாளிகையை நொபுநாகாவே முன் நடந்து காட்டினான். நான்கு நிலைகள். கீழே பொன் திரைகள் தீட்டிய பல அறைகள், வெண்கற்கள் பரப்பிய நீரில் மீன்கள் விளையாடும் தோட்டங்கள். மேல்நிலையில் நின்றால் ஊர் முழுவதும் தெரியும். பின்பு மலைமேலிருந்த கோட்டைக்கும் அழைத்துப்போனான். அங்கே எவரையும் எளிதில் ஏற்றுவதில்லை. இந்தியாவில் இப்படிப்பட்ட கோட்டை உண்டா என்று அவன் கேட்டானாம்! ஃபுரோயிஸ் கண்ட இந்தியா கோவாவும் மேற்குக் கரையும். புனேயைச் சுற்றிலும் மலைக்கோட்டைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்ககட்டுக்கு அவனை ஒருமுறை கூட்டிப்போயிருக்கலாம்.

பேச்சு இரண்டரை, மூன்று மணி நேரம் நடந்தது. சூரிய சந்திர நட்சத்திரங்கள், குளிர் தேசங்கள், வெப்ப தேசங்கள், பிற நாட்டு வழக்கங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் எழுந்து உள்ளே போனவன், உணவுப் பலகையைத் தன் கையாலேயே சுமந்துவந்து ஃபுரோயிஸின் முன் வைத்தான். லொரென்சோவுக்கு அவன் மகன் சுமந்துவந்தான். தெருவில் பிச்சைக்கஞ்சி வாங்கியவர் முன்பாகத் தேசத்தையே நடுங்கவைத்தவனின் பிள்ளை தட்டை வைத்துக் குனிந்தான். பாதுகாப்பும் கிடைத்தது. சக்கரவர்த்தியையும் ஷோகனையும் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாம் என் கையில் இருக்கிறது என்றானாம் நொபுநாகா.

எல்லாம் அவன் கையில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. 1582இல் கியோத்தோவில் தன் சொந்தத் தளபதியின் துரோகத்தினால் மடிந்தான். அவனுக்குப் பின் இங்கே ஆண்டவர்களில் கடைசியானவன் பேரன் ஹிதெநொபு. அவன் ஞானஸ்நானம் பெற்றவன். 1600இல் கோட்டை ஒரே நாளில் விழுந்தது. அவனைத் துறவு வாழ்வுக்கு அனுப்பினார்கள். இருபத்தாறு வயதாகுமுன் இறந்தான். கோட்டையைப் பிரித்துக் கல்லையும் மரத்தையும் சமவெளியில் வேறொரு கோட்டை கட்டக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது மேலே இருப்பது 1956இல் கான்கிரீட்டில் கட்டியது. 1955 முதல் கம்பிவடத்தில் தொங்கும் வண்டி ஓடுகிறது, மூன்று நான்கு நிமிஷத்தில் ஏற்றிவிடும். ஏறினேன். மேலே அணில்களைக் கையில் வைத்து உணவூட்டும் இடம் ஒன்று இருக்கிறது, குழந்தைகளுக்கு ஆனந்தம். கோட்டையின் உள்ளே வாளும் கவசமும். உச்சியிலிருந்து பார்த்தால் நாகாரா ஆறு வெள்ளிக் கச்சையைப் போல் மலையைச் சுற்றிப் போகிறது. கோடை மாதங்களில் நீர்க்காகங்களைக் கயிற்றில் கட்டி, தீவட்டி வெளிச்சத்தில் மீன் பிடிப்பார்கள், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாய் நடந்துவரும் தொழில் அது. நான் போன காலத்தில் அது முடிந்திருந்தது. கான்கிரீட் கோட்டையைப் பார்க்க நீங்கள் பிரயாசப்பட வேண்டாம் என்பேன். காட்சிக்காக மட்டும் ஏறலாம்.

இறங்கி வந்தபோது பூங்காவில் ஒரு பூச்சி அருங்காட்சியகத்தைக் கண்டேன். நாவா யாசுஷி என்பவர் பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளை ஆராய 1896இல் ஒரு நிலையத்தை நிறுவி, 1919இல் இதைக் கட்டினார். கிஃபு என்ற பெயரைத் தாங்கிய வண்ணத்துப்பூச்சி ஒன்றை 1883இல் கண்டெடுத்துப் புகழ்பெற்றவர். உள்ளே நிற்கும் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். நாரா நகரத்து தோஷோதாய்ஜி என்னும் மிகப் பழைய மடத்தில் கரையான் அரித்ததால் கழற்றிய மரங்கள் அவை. பூச்சி தின்ற மரத்தைப் பூச்சி ஆராய்ச்சிக்காரர் கேட்டு வாங்கித் தம் வீட்டைத் தாங்க வைத்திருக்கிறார்! எங்கள் வீட்டுப் பின்கட்டின் விட்டத்திலும் கரையான் இருந்தது. அந்த விட்டத்திற்காகவும் சேர்த்துத்தான் வழக்கு.

பூங்காவில் இன்னொரு சிலை உண்டு. பொன் பூசாதது. நீண்ட தாடியோடு வலக்கரத்தை உயர்த்தி நிற்பவர் இதாகாகி தாய்சுகே. போர்க்காலத்தில் உலோகத்திற்காக அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள், போருக்குப் பின் மறுபடியும் நிறுத்தினார்கள். இவர் முன்னாள் சாமுராய். ஜனங்களுக்குப் பாராளுமன்றம் வேண்டும் என்று 1881இல் சுதந்திரக் கட்சியைத் தொடங்கி, ஊர் ஊராகப் பேசி வந்தார். 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, இப்போது பூங்காவாக இருக்கும் இந்த இடத்திலிருந்த ஒரு மண்டபத்தில் பேசி முடித்து மாலையில் வெளியே வந்தார். ஐஹாரா நாஒபுமி என்னும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் குறுவாளோடு அவர்மேல் பாய்ந்தார். நாட்டின் பகைவன் என்று கூவிக் குத்தினார். மார்பிலும் கைகளிலும் காயங்கள். தான் மடிந்தாலும் சுதந்திரம் மடியாது என்னும் கருத்தில் இதாகாகி கூறியதாகச் சொல்லப்படும் வாக்கியம் தேசமெங்கும் பரவிற்று. குத்துப்பட்டவர் அந்த நொடியில் அத்தனை அழகாகவா பேசியிருப்பார் என்று கேட்பவர்களும் உண்டு. பல பத்திரிகைகளில் பல விதமாக அச்சாகியிருக்கிறது. எனக்கும் அந்த வாக்கியம் முக்கியமாய்ப் படவில்லை.

முக்கியமாய்ப் பட்டது பின்னால் நடந்தது. இதாகாகி பிழைத்தார். ஐஹாராவுக்கு ஆயுள் தண்டனை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1889இல் அரசியல் சாசனம் வெளியானதையொட்டிக் கைதிகள் பலருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அப்போது தம்மைக் குத்தியவரையும் விடுவிக்கும்படி விண்ணப்பம் செய்தவர்களில் குத்துப்பட்ட இதாகாகியே ஒருவர். விடுதலையான ஐஹாரா அதே ஆண்டின் மே மாதத்தில் தோக்கியோவிலிருந்த இதாகாகியின் வீட்டிற்கு வந்தார். குறுவாளோடு தம்மை நோக்கி வந்த மனிதர் மறுபடியும் வாசலில் நிற்கிறார். இதாகாகி அவரை உள்ளே வரச்சொன்னார். உட்கார்ந்து பேசினார்கள். மன்னிப்புக் கேட்டார், பெற்றுக்கொண்டார். ஐஹாரா அதற்குப்பின் வடக்கே ஹொக்காய்தோவுக்குக் கப்பலேறி, வழியிலே காணாமற் போனார். அவர் முடிவு துக்கமானது. இதாகாகி 1919 வரைக்கும் வாழ்ந்து, எண்பத்திரண்டாம் வயதில் இறந்தார்.

மலைமேல் அண்ணன் தன் தம்பிமாரை அழைத்தான், அவர்கள் நம்பி வந்தார்கள். அடிவாரத்தில் குத்துப்பட்டவரோ, குத்தியவர் வந்தபோது நம்பிக் கதவைத் திறந்தார். ஒரே மலை, இடையில் முந்நூற்று இருபத்தேழு ஆண்டுகள். வெயில் தாழும்வரை அந்தச் சிலைக்கு எதிரேயிருந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க முயன்றேன். ஜெபம் வரவில்லை. பின்கட்டுக் கிணற்றில் அண்ணன் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததுதான் நினைவுக்கு வந்தது. இடுப்பில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, பயப்படாதே, நான் பிடித்திருக்கிறேன் என்பார். நீதிமன்றத்தில் நான் கொடுத்த மனுவில் அந்தக் கிணற்றின் ஆழமும் சுற்றளவும் மீட்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தாத்தா பாட்டிமார் போய்விட்டார்கள். பூங்கா விளக்குகள் எரிந்தன. மலையுச்சியில் கோட்டைக்கும் வெளிச்சம் போட்டிருந்தார்கள். பேருந்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஜப்பானில் ஐந்தரை என்றால் நம் ஊரில் பிற்பகல் இரண்டு மணி. சனிக்கிழமை அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வீட்டிற்கு வரும் நேரம்.

கைப்பேசியில் அவர் எண்ணை நான் அழித்திருந்தேன். ஆனால் வீட்டுத் தொலைபேசி எண் அப்பா காலத்து எண், அது மறக்கவில்லை. நெடுநேரம் மணி அடித்தது. அண்ணி எடுத்தார்கள். யார் என்று கேட்டார்கள். சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்கிருந்து பேசுகிறீர்கள் தம்பி, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றார்கள். ஒன்றுமில்லை அண்ணி, நன்றாக இருக்கிறேன், சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

"இருங்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கை கழுவிவிட்டு வருகிறார்" என்று சொல்லி, ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தார்கள். முற்றத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.